நாற்பத்தேழு நாள் பிளக்

எங்கள் கடையில் பிளக் வாங்குகிற யாரும் பிளக்கை மட்டும் வாங்கிக்கொண்டு போனதில்லை. கூடவே என் வாயிலிருந்து ஒரு கதையையும் வாங்கிக்கொண்டுதான் போவார்கள். கதைக்கு நான் தனியாக விலை வைப்பதில்லை.

கடை திருவனந்தபுரத்தில், சாலை என்று பெயருள்ள கடைத்தெருவில் இருக்கிறது, ஒரு பக்கம் கயிற்றுக் கடை, மறுபக்கம் வெற்றிலைக் கடை. போர்டில் 'ஞானையன் எலக்ட்ரிக்கல்ஸ்' என்று எழுதியிருக்கும். ஞானையன் என் வீட்டுக்காரர். உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து ரிப்பேர் வேலை பார்ப்பார். ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அதிகம், அதில் பாதி 'ம்' ஆக இருக்கும். முன்னால் கல்லாவில் நான், தாசம்மாள். அவர் பேசாமல் மிச்சம் வைத்ததை எல்லாம் நான்தான் பேசித் தீர்க்கிறேன்.

எங்கள் பிளக் வியாபாரம் இப்படி. குவைத், துபாய், மஸ்கட் எங்கே போனாலும் சுவரில் மூன்று சதுர ஓட்டை. நம் ஊரில் மூன்று வட்ட ஓட்டை. அங்கே சம்பாதித்துவிட்டு டி.வி., மிக்ஸி, டேப் ரிக்கார்டர் என்று வந்து இறங்குகிறவன் வீட்டில் போய்ச் சொருகிப் பார்ப்பான், நுழையாது. மறுநாள் காலையில் எங்கள் கடைக்குத் தூக்கிக்கொண்டு வருவான். என் வீட்டுக்காரர் சதுரக்கால் பிளக்கை வெட்டி எடுத்துவிட்டு உருண்டைக்கால் மாட்டிக்கொடுப்பார். வெட்டிய பிளக்கை அவன் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். இவர் அதைத் திறந்து, துடைத்து, உள்ளே ஃபியூஸ் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, பெரிய பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பார். பிறகு ஒரு நாள் இங்கிருந்து அங்கே போகிறவன் ஒருவன் அயன் பாக்ஸும் கையுமாக வருவான். அவனுக்குச் சதுரக்கால் வேண்டும். டின்னிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டிக்கொடுப்போம். வந்தவனுடைய பிளக், போகிறவனோடு மறுபடி விமானம் ஏறிவிடும்.

ராசிக் கதையை ஆரம்பித்தது நான்தான். தொண்ணூற்றிரண்டிலோ மூன்றிலோ, நெய்யாற்றின்கரைப் பையன் ஒருவன் பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பழசா?" என்று மூக்கைச் சுளித்தான். எனக்கு வந்ததே கோபம்.

"பழசுதான்டே. இது யாருக்க பிளக்குன்னு தெரியுமா? அபுதாபியில பத்து வருசம் இருந்து ரெண்டு மாடி வீடு கெட்டினவனுக்க பிளக்காக்கும். வேண்டாம்னா வச்சிட்டுப் போ, எடுக்க ஆள் உண்டு" என்றேன்.

பையன் பிளக்கைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்விட்டான். அடுத்த வாரம் அவன் கூட்டாளிகள் நான்கு பேர் வந்து நின்றார்கள். "சேச்சி, நல்ல ராசியுள்ளதா ஒண்ணு தாங்க." அதற்குப் பிறகு நான் நிறுத்தவில்லை. நிறுத்த நினைக்கவும் இல்லை.

நான் சொல்வது முழுப்பொய் கிடையாது. பிளக் வெட்ட வருகிறவர்கள் காத்திருக்கிற நேரத்தில் தங்கள் கதையை எல்லாம் என்னிடம் கொட்டிவிட்டுத்தான் போவார்கள். யாருடைய பிளக் எது என்று எனக்கு மறக்காது. கொஞ்சம் கூட்டிச் சொல்வேன், அவ்வளவுதான். ஒரு மாடியை இரண்டு மாடி ஆக்குவேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பொய்யைப் பற்றிப் பிரசங்கம் வந்தால் மட்டும் கொஞ்சம் குனிந்து உட்காருவேன்.

என் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் பிடிக்காது. "செம்புக்கும் பித்தளைக்கும் ராசி கிடையாது தாசம்மா. அதுவழி கறண்டு போவும். அவ்வளவுதான்" என்பார். அவருடைய இருபது வார்த்தைகளில் பாதி அதற்கே செலவாகிவிடும்.

எனக்கும் மனசாட்சி உண்டு. போன இடத்தில் நிலைக்காமல் சீக்கிரமே திரும்பி வந்தவர்களின் பிளக்கை நான் யாருக்கும் விற்றதில்லை. அதற்கென்று ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் மேல் தட்டில் இருந்தது. அதில் மூன்று பிளக். ஒன்று, எட்டு மாதத்தில் கம்பெனியை மூடி, சம்பளத்தைக் கொடுத்து அனுப்பிவைத்த ஒருவனுடையது. இன்னொன்று, சூப்பர்வைசரைக் கை நீட்டி அடித்துவிட்டு வந்தவனுடையது. மூன்றாவது செல்வினுடையது.

செல்வின் நேமத்தில் எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி இருப்பவன். கல்யாணமாகி ஆறாவது மாதம் துபாய்க்குப் போனான். நாற்பத்தேழாவது நாள் காலையில் பெட்டியோடு வந்து இறங்கினான். என்னடா என்று கேட்டால், சுசீலாபாயைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்று வெட்கமில்லாமல் சொன்னான். சுசீலாபாய் அவன் மனைவி. கேம்பில் எல்லோருடைய பிளக்கும் ஒரே மாதிரி இருந்ததால் தன்னுடையது மாறிவிடாமல் இருக்க ஆணியால் 'சு' என்று கீறி வைத்திருந்தான். தெரு முழுக்கச் சிரித்தது, நானும்தான் சிரித்தேன். 'நாப்பத்தேழு' என்றே அவனுக்குப் பெயர் வந்துவிட்டது. இப்போது ஆட்டோ ஓட்டுகிறான். கிழக்கேகோட்டை ஸ்டாண்டில் நாப்பத்தேழு எங்கே என்று கேட்டால் ஆளைக் காட்டுவார்கள்.

இதெல்லாம் ஊரான் பிள்ளைகள் போய்வந்த கதை. தொண்ணூற்றொன்பதில் என் வீட்டுப் பிள்ளையே கிளம்பினாள்.

ஷீனா எங்களுக்கு ஒரே பெண். நர்ஸிங் படித்துவிட்டு இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம் வேலை பார்த்தாள். குவைத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தது, விசா வந்தது, செவ்வாய்க்கிழமைக்கு டிக்கெட்டும் வந்தது. ஊரெல்லாம் வாழ்த்துச் சொன்னார்கள். நானும் வாயெல்லாம் பல்லாகத்தான் நின்றேன். ஆனால் ராத்திரிச் சோறு இறங்கவில்லை. இருபத்துநான்கு வருடமாக ஒரு வாரம்கூட அவளைப் பிரிந்து இருந்ததில்லை.

யூனிபாரம் தேய்க்க அயன் பாக்ஸ் கொண்டுபோக வேண்டும். அதில்தான் வீட்டில் முதல் சண்டை ஆரம்பித்தது. ஷீனா பீமாபள்ளிக் கடையில் ஒரு அடாப்டர் பார்த்து வைத்திருந்தாள். வெள்ளை நிறம், கைக்கடக்கம், எந்த நாட்டு ஓட்டையிலும் நுழையுமாம்.

"ஒரு அடாப்டர் மதி அம்மா. வயரை வெட்டவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம்" என்றாள். போதும் என்பதை அவள் 'மதி' என்றுதான் சொல்வாள்.

அவள் அப்பா தலையைத் தூக்கினார். "அது சேவ் பண்ணுற மெஷினுக்குக் கொள்ளாம். அயன் பாக்ஸுக்கு ஆவாது. கறண்டு கூடுதலா இழுக்கும். சூடாவி உருகிப் போவும். நேரே பிளக் மாட்டணும்."

ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில் எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுவிட்டது. அடாப்டர் விஷயம் அத்தோடு முடிந்தது.

எந்தப் பிளக்கை மாட்டுவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான்கு வருடமாக டின்னின் அடியில் ஒரு பிளக்கை ஒளித்து வைத்திருந்தேன். வர்க்கலை ஷாஜகானுடையது. சார்ஜாவில் பதினெட்டு வருடம். மூன்று மாடி வீடு. இதில் நான் ஒரு மாடிகூடக் கூட்டவில்லை. ஓரத்தில் ஒரு சொட்டுப் பச்சைப் பெயிண்ட் இருக்கும், அதுதான் அடையாளம். எத்தனையோ பேர் கேட்டும் கொடுக்காமல் வைத்திருந்த அந்த ஒன்றாம் நம்பர் ராசிப் பிளக்கை எடுத்து அவரிடம் கொடுத்தேன்.

"இத மாட்டுங்க. வேற எதையும் தொடப்பிடாது."

"ம்" என்றார்.

வியாழக்கிழமை அயன் பாக்ஸை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்ப் பையில் வைத்துவிட்டதாகச் சொன்னார். பெரிய பாரம் இறங்கியது எனக்கு.

சனிக்கிழமை அவர் கடைக்கு வரவில்லை. பெட்டி கட்ட வீட்டில் இருந்தார். நான் தனியாக உட்கார்ந்திருந்தபோது பேச்சி வந்தாள். தெருவில் எங்களுக்கு எதிரே உதிரிப்பூ விற்கிறவள், திருநெல்வேலிப் பக்கம். அவள் புருசன் ஆறுமுகநயினார் கிழக்கேகோட்டையில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். அவருக்குத் துபாயில் வேலை கிடைத்திருக்கிறதாம். கையில் ஒரு டேப் ரிக்கார்டர் வைத்திருந்தாள். பாட்டு கேட்காமல் அந்த மனிதருக்கு மாவு பிசைய வராதாம்.

"யக்கா, இதுக்கு அந்த ஊரு பிளக் ஒண்ணு வேணும். நல்லதாப் பாத்துக் குடுங்க."

பிஸ்கட் டின்னைத் திறந்து ஒன்றை எடுத்து ஆரம்பித்தேன். "இது ஆற்றிங்கல்காரன் ஒருத்தனுக்க பிளக்காக்கும் பேச்சி. மஸ்கட்டுல பதினாலு வருசம். வந்து ரெண்டு மாடி வீடும் ஒரு..."

"பதினாலு வருசமா?"

"பின்னே! ராசின்னா அப்பிடியிருக்கணும்."

பேச்சி பிளக்கைச் சூடுபட்டவள் மாதிரி மேசையில் வைத்தாள். "எனக்கு வேண்டாங்க்கா. வேற எடுங்க."

இன்னொன்றை எடுத்தேன். அது பதினோரு வருடம். அதுவும் வேண்டாம் என்றாள். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "பின்ன எதத்தான் கேக்க? பதினெட்டு வருசம் இருந்தவனுக்கப் பிளக்கே எனக்கக் கையில உண்டாயிருந்தது. அத எனக்க மகளுக்குக் குடுத்தாச்சு."

பேச்சி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "அந்த ஆளுக்குப் பிள்ளைக உண்டாக்கா?"

உண்டு. ஒரு பெண் குழந்தை. அந்த நாள் எனக்கு அப்படியே கண்முன் வந்தது. ஷாஜகான் டி.வி.யோடு வந்தபோது மனைவியும் ஏழெட்டு வயதுக் குழந்தையும் கூட வந்திருந்தார்கள். பிளக் மாட்டி முடிகிற வரைக்கும் அவன் குழந்தையைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தான், மிட்டாய் நீட்டினான். குழந்தை அம்மாவின் சேலையை விடவில்லை. கடைசியில், 'இந்த மாமா எப்போம்மா போவாரு' என்று மலையாளத்தில் கேட்டது. அந்த மனிதன் சிரித்துக்கொண்டேதான் டி.வி.யைத் தூக்கினான், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான்கு வருடமாக அவன் வீட்டின் மூன்று மாடியையும் எல்லோருக்கும் சொன்னேன். இதை ஒருவருக்கும் சொன்னதில்லை. எனக்கே மறந்திருந்தது.

"அந்தக் குப்பியில என்னக்கா இருக்கு?" பேச்சி மேல் தட்டைக் காட்டினாள்.

"அது ராசியில்லாதது. போன வேகத்துல திரும்பி வந்தவனுகளுக்க பிளக்கு."

"யக்கா, நான் அதத்தான கேக்கேன்!"

ஸ்டூலைப் போட்டு ஏறிப் பாட்டிலை எடுத்தேன். எட்டு மாதத்தில் கம்பெனி மூடினவன் கதையைச் சொன்னேன். சம்பள பாக்கியில்லாமல் வந்தான் என்பதையும் சொன்னேன். பேச்சியின் முகம் மலர்ந்துவிட்டது.

"எட்டு மாசம். போதும்க்கா. மூத்தவ பள்ளிக்கூடத்துல சேரதுக்குள்ள வந்துருவாக."

நானே வயரைச் சீவி மாட்டிக்கொடுத்தேன். இத்தனை வருடம் பார்த்த வேலைதானே. அவள் போவதற்குள் எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. என் மகளுக்குப் பதினெட்டு வருடப் பிளக் வேண்டாம். மூன்று மாடியும் வேண்டாம். அவள் போய், காண்ட்ராக்ட் முடிந்து, போன மாதிரியே திரும்பி வர வேண்டும். அதற்குச் செல்வினுடைய பிளக்தான் வேண்டும். அவனை விட வேகமாகத் திரும்பி வந்த ஆள் என் அறிவில் கிடையாது.

பாட்டிலை மேசையில் கவிழ்த்தேன். சூப்பர்வைசரை அடித்தவனின் பிளக் மட்டும் விழுந்தது. உள்ளே கையை விட்டுப் பார்த்தேன். 'சு' இல்லை.

பிஸ்கட் டின்னில் விழுந்திருக்குமோ என்று அதையும் கொட்டினேன். 'சு' அதிலும் இல்லை. ஆனால் ஓரத்தில் பச்சைப் பெயிண்ட் சொட்டோடு ஷாஜகானின் பிளக் உருண்டு வந்து என் முன்னால் நின்றது. மாட்டச் சொல்லிக் கொடுத்த பிளக். 'ம்' என்று வாங்கிக்கொண்ட பிளக்.

கோபத்தில் எனக்குக் காது அடைத்துவிட்டது. ராசி கிடையாது, ராசி கிடையாது என்று சொல்கிற மனிதர் கைக்குக் கிடைத்ததை எடுத்துப் பிள்ளையின் அயன் பாக்ஸில் மாட்டியிருக்கிறார். எவனுடையதோ, எப்படிப் போனானோ, எப்படி வந்தானோ! செல்வினுடையதையும் எங்கேயோ தொலைத்திருக்கிறார். சனிக்கிழமை, நல்ல வியாபார நேரம். ஷட்டரை இழுத்து விட்டேன். கயிற்றுக் கடைக்காரர் வெளியே வந்து, யாருக்காவது சுகமில்லையா என்று கேட்டார். "இனிமேத்தான் சுகமில்லாம ஆவப்போவுது" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

ஸ்டாண்டில் முதல் வண்டி செல்வினுடையதாகவே இருந்தது.

"என்ன மைனி, நேரத்தோட கடை அடைச்சாச்சு?"

"நேமத்துக்கு விடு. செல்வினே, ஒனக்கப் பிளக்கு எங்க?"

"எனக்கப் பிளக்கா? அது ஒங்க ஹார்லிக்ஸ் குப்பியிலல்லா இருக்கு? ஊருக்கே தெரியுமே." கரமனைப் பாலம் தாண்டுகிற வரைக்கும் சிரித்தான். பிறகு ஏதோ ஞாபகம் வந்த மாதிரி தலையைத் திருப்பினான். "இஞ்ச பாருங்க மைனி, போன வாரம் அண்ணனும் இதே காரியமாத்தான் வந்தாரு."

"எந்த அண்ணன்?"

"நம்ம ஞானையண்ணன்தான். ஸ்டாண்டுக்கு வந்து என்னத் தனியாட்டுக் கூட்டிட்டுப் போய், 'செல்வினே, சத்தியமாச் சொல்லு. ஒன்ன அவனுவ தொரத்தினானுவளா, இல்ல நீயா வந்தியா'ன்னு கேட்டாரு."

என் வீட்டுக்காரர் ஒருவரிடம் போய் இவ்வளவு நீளமாகப் பேசியதையே என்னால் நம்ப முடியவில்லை. "நீ என்ன சொன்ன?"

"நானா வந்தேன்னு சொன்னேன். சம்பளம் கொள்ளாம், சாப்பாடும் நல்லதுதான், ஆனா சுசீலாவ விட்டுட்டு இருக்க முடியல்ல, அதான்னு சொன்னேன். பின்னயும் ஒண்ணு கேட்டாரு. வந்ததுல இப்பம் வருத்தம் உண்டுமான்னு. எனக்கு மூணு பிள்ளையள் உண்டு அண்ணே, ஆட்டோ சத்தம் கேட்டா மூணும் ரோட்டுக்கு ஓடி வரும்னு சொன்னேன். 'ம்'னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

அதற்குப் பிறகு நேமம் வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. செல்வின் இரண்டு தடவை கண்ணாடியில் என்னைப் பார்த்தான். நான் பேசாமல் வருவது அவனுக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும்.

வீட்டில் முன்னறையில் பெட்டி திறந்து கிடந்தது. ஷீனா கட்டிலில் உட்கார்ந்து ஊறுகாய் பாட்டிலை டவலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவர் தரையில் உட்கார்ந்து அட்டைப்பெட்டிக்குக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார். நான் யாரிடமும் எதுவும் சொல்லாமல் பையைத் திறந்து, அயன் பாக்ஸை வெளியே எடுத்து, வயரைப் பிரித்தேன்.

வெள்ளைப் பிளக். ஓரத்தில் ஆணியால் கீறிய 'சு'.

கோணல் எழுத்து. இத்தனை வருடத்தில் கீறலுக்குள் அழுக்கு ஏறிக் கறுத்திருக்கும். இப்போது பளிச்சென்று இருந்தது. பல் தேய்க்கிற பிரஷ் போட்டுத் தேய்த்திருக்கிறார். மூன்று காலையும் சாம்பல் போட்டுப் பளபளப்பாக்கியிருக்கிறார்.

"இது என்னவாக்கும்?" என்றேன்.

"பிளக்கு" என்றார், கயிற்றைப் பார்த்துக்கொண்டே.

"யாருக்க பிளக்கு?"

"பித்தளை நல்ல கனமுண்டு. உள்ள ஸ்குரூவும் டைட்டு."

"யாருக்க பிளக்குன்னு கேட்டேன்."

அவர் கயிற்றில் ஏற்கெனவே போட்ட முடிச்சின் மேல் இன்னொரு முடிச்சுப் போட்டார்.

"செம்புக்கும் பித்தளைக்கும் ராசி கிடையாதுன்னு இத்தன வருசமா என்ன ஏசினது நீங்கதானே?"

"கிடையாதுதான்."

"பின்னே?"

அவர் நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது. "ஊரான் போவும்போ கிடையாது தாசம்மா. நம்ம பிள்ள போவும்போ எனக்கு நிச்சயமாச் சொல்ல முடியல்ல."

இருபத்தாறு வருடம் அந்த மனிதரோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அவர் மேல் எனக்கு அவ்வளவு ஆசை வந்தது. சொல்லவா முடியும்? கையில் அயன் பாக்ஸோடு அப்படியே தரையில் உட்கார்ந்து, "நானும் இதத்தான் தேடி வந்தேன்" என்று அழுதேன்.

ஷீனா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டுபேருக்கும் வட்டாக்கும்" என்றாள். பைத்தியம் என்பதைத்தான் இங்கே பிள்ளைகள் அப்படிச் சொல்வார்கள். "அது செல்வினண்ணனுக்க பிளக்குன்னு வியாழக்கிழமையே பாத்தேன். அம்மா கண்டா சண்டை வருமேன்னு வயரைச் சுத்தி அடியில வச்சதே நான்தான். இப்பம் அம்மாவும் இதத்தான் தேடி வந்திருக்கு. எனக்கு ரெண்டு வருச காண்ட்ராக்டு. நாப்பத்தேழு நாள்ல வந்து நின்னா ஆஸ்பத்திரிக்காரன் என்ன சொல்லுவான்?"

"நாப்பத்தேழு நாள்ல வரச் சொன்னது யாரு?" என்றேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "வந்தாப் போதும்."

அவள் என் கையிலிருந்து அயன் பாக்ஸை வாங்கி, வயரைச் சுற்றி, பிளக் அடிபடாமல் இருக்கத் தன் யூனிபாரத்துக்கு நடுவில் வைத்தாள். பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தரையில் வந்து உட்கார்ந்துகொண்டாள். ஊறுகாய் பாட்டில் சுற்றாமல் அப்படியே கிடந்தது.

செவ்வாய்க்கிழமை செல்வின் ஆட்டோவிலேயே விமான நிலையத்துக்குப் போனோம். வாடகை வாங்கமாட்டேன் என்றான். தன் பிளக் இரண்டாவது தடவை விமானம் ஏறுகிறது, வழியனுப்ப வர வேண்டியது தன் கடமை என்றான். அழுதுகொண்டிருந்த ஷீனாவே சிரித்துவிட்டாள்.

அதற்கப்புறம் நாங்கள் கடையைத் திறந்தோம், அடைத்தோம், சாப்பிட்டோம். அவர் 'ம்' சொன்னார். நாள் எண்ணுகிறேன் என்று நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை காலையில் அவர் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு கடைக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குத் தவிர அவர் தேய்த்த சட்டை போட்டு நான் பார்த்ததில்லை. நானும் அன்றைக்குப் புதுச் சேலைதான் கட்டியிருந்தேன். ஒருவரை ஒருவர் பார்த்தோம், ஏன் என்று இரண்டு பேரும் கேட்கவில்லை.

அவர் பெஞ்சில் உட்காரவே இல்லை. தெருவில் ஆட்டோ சத்தம் கேட்கும்போதெல்லாம் ஏதாவது ஒரு சாக்கை வைத்துக்கொண்டு படிக்கு வந்தார். ஒரு தடவை பல்பை வெளிச்சத்தில் பார்க்க வந்தார், ஒரு தடவை துப்ப வந்தார். வெற்றிலை போடாத மனிதர் எதைத் துப்பினாரோ. ஒரு மணி ஆகியும் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கவில்லை.

அப்போது போன் அடித்தது.

"அம்மா, இன்னைக்கு எத்தனாவது நாளு?"

"யாருக்குத் தெரியும்? இஞ்ச நாள் எண்ணிட்டா இருக்கோம்?"

"நாப்பத்தேழு" என்றாள் ஷீனா. "அப்பா எங்க? படியில நிக்குதா?"

திரும்பிப் பார்த்தேன். தேய்த்த சட்டையோடு, தெருவின் கடைசி வரைக்கும் கண்ணை ஓட்டிக்கொண்டு நின்றார்.

"நிக்குது" என்றேன்.

"எனக்குத் தெரியும். ரெண்டுபேரும் ரோட்டப் பாத்தது மதி. போய்ச் சோறு தின்னுங்க. ரெண்டு வருசம் முடிஞ்சதும் நான் வருவேன். வேற ஆஸ்பத்திரி, வேற காண்ட்ராக்டுன்னு ஒண்ணும் கையெழுத்துப் போட்டுக் குடுக்க மாட்டேன். கேட்டியா அம்மா? வருவேன்."

அவர் பக்கத்தில் வந்து நின்று, "பிளக்கு சூடாவுதான்னு கேளு" என்று கிசுகிசுத்தார்.

கேட்டேன்.

"சூடு ஒண்ணும் இல்ல. ஆனா பெரிய தொல்லையாட்டு இருக்கு அம்மா. ஹாஸ்டல்ல நாங்க பதினஞ்சு பேரு. நான் வாயை வச்சிட்டு சும்மா இருக்காம செல்வினண்ணன் கதையச் சொல்லித் தொலைச்சேன். இப்பம் எல்லாவளுக்கும் எனக்க அயன் பாக்ஸ்தான் வேணும். ராத்திரி டியூட்டி முடிஞ்சு வந்தும் வரிசையா நிக்காளுவ. தேச்ச துணியையே மறுபடியும் கொண்டு வாறாளுவ அம்மா, ஒருக்கா அதக் கையில பிடிக்கதுக்கு."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். போனை வைத்துவிட்டு அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை. அவர் 'ம்' என்றார். உள்ளே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தார்.

சாப்பிட்ட பிறகு நான் ஸ்டூலைப் போட்டு ஏறி ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்தேன். தூசியைத் துடைத்து, கல்லாவுக்குப் பக்கத்தில், வருகிறவர்கள் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தேன்.